சும்மா வைத்த கால்

மார்ச் 3, திங்கள்

பிக்கப் வண்டி மறுபடியும் உதறுகிறதாம். நான் பல் தேய்த்து முடிக்கவில்லை, அதற்குள் அப்பா கதவுக்கு வெளியே நின்று ஆரம்பித்துவிட்டார். "இன்ஜினியர் சார், உங்க வண்டி நேத்தும் விக்கல் எடுத்துக்கிட்டே வந்துச்சு." வண்டி அவருடையது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. ஒழுங்காக ஓடினால் அவர் வண்டி. உதறினால் என் வண்டி.

காரணம் உண்டு. போன வருடம் அதன் பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அதே மாதிரி இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லை. லேப்டாப்பை இணைத்து நாமே அளவுகளை மாற்றிக்கொள்ளும் வகையில் ஒன்றை வாங்கி மாட்டினேன். தொழிற்சாலையில் தினமும் பேக்கிங் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்தேன். அன்றிலிருந்து வண்டிக்குள் எலி புகுந்தாலும் அது சாஃப்ட்வேர் கோளாறுதான்.

வேறு சரக்கு என்றால் உதறட்டும் என்று விட்டிருப்பேன். இதில் போவது கண்ணாடி. அப்பா கடையில் வெட்டுகிற ஜன்னல் கண்ணாடியும் கடைமுகப்புக் கண்ணாடியும் பின்னால் சாய்வுச் சட்டத்தில் நின்றபடி போகும். நேற்று பேக்கரிக்காரருக்குக் கொண்டுபோனது வழியிலேயே மூலையில் விரிசல் விட்டுவிட்டது. வண்டி சரியாகாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அப்பா என்ன செய்வார் என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து வந்து நானே ஓட்டிப் பார்த்தேன். மேடு, பள்ளம், நேர்ச்சாலை, எல்லாம். ஒரு உதறல் இல்லை. உதறியது என் முட்டிதான். சீட்டு அப்பாவின் அளவில் துருப்பிடித்து நிற்கிறது, ஸ்டியரிங் என் முட்டியில் இடிக்கிறது. நகர்த்தலாம் என்றால் விடமாட்டார். "அதத் தொடாத. ஒரு தடவ நகந்துச்சுன்னா திரும்ப அந்த இடத்துல உக்காராது."

உதறவில்லை என்று சொன்னேன். "உன்னப் பாத்துப் பயப்படுது போல" என்றார்.

மார்ச் 8, சனி

லேப்டாப்பை வண்டியிலேயே இணைத்துவிட்டு, அப்பாவை வழக்கமான டெலிவரிக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததும் பதிவைத் திறந்தேன். மாட்டிக்கிச்சு.

த்ராட்டில் சென்சார். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் பெட்டி. அழுத்த அழுத்த அதன் வோல்ட் ஏறும். கால் திடீரென்று அழுத்தினால், வண்டி பாயப் பார்க்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து ஒரு மடக்கு பெட்ரோல் கூடுதலாகக் கொடுக்கும். அப்பா ஓட்டிய பதிவில் அந்தக் கோடு நேராக இல்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மடக்கு பெட்ரோல். பின்னே உதறாதா?

சென்சார் தேய்ந்துவிட்டது. என் ட்யூனிங்கில் தப்பில்லை. இதைச் சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னேன். அப்பா ரசம் கேட்டார்.

வீட்டில் இப்போதெல்லாம் எல்லாருக்கும் பாதி டம்ளர் டீதான். என்னம்மா இது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற மாதிரி என்றேன். "வேணும்னா இன்னொரு தடவ வாங்கிக்கோ, கை தேஞ்சா போயிடும்?" என்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு எங்கள் தெருவில் சத்தியம் என்று பெயர். எந்தப் பொருளை எடுத்தாலும் சத்தியம் பண்ணுவார். "சத்தியமா ஒரிஜினல் தம்பி. இதுல டூப்ளிகேட்டே வரல."

மாட்டினேன். காலை எடுத்தால் 0.6 வோல்ட், முழுக்க அழுத்தினால் 4.4. சாஃப்ட்வேரில் இரண்டையும் குறித்துவைத்தேன். கோடு கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. முடிந்தது வேலை.

மார்ச் 11, செவ்வாய்

முடியவில்லை. இன்றும் உதறியதாம்.

மார்ச் 12, புதன்

ஒயர் பார்த்தேன். எர்த் இணைப்பு பார்த்தேன். ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பிரிங், எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எரிச்சலாக வருகிறது.

மார்ச் 16, ஞாயிறு

சத்தியத்திடம் போய்ச் சண்டை போட்டு வேறு சென்சார் வாங்கி வந்தேன். "இது அத விட ஒரிஜினல்" என்றார். அதை விட ஒரிஜினல் என்றால் அது என்ன என்று கேட்டதற்கு, "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றார்.

மாட்டி, நான் ஒரு சுற்று ஓட்டினேன். நேர்கோடு. அதே வழியில் அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேகமெடுக்கும்போது நேர்கோடு. ஒரே வேகத்தில் போக ஆரம்பித்ததும் ரம்பம். வண்டி விக்கியது. பின்னால் கண்ணாடி சட்டத்தோடு கடகடவென்றது.

அப்போ சென்சார் இல்லை. ஒயர் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். சொன்னேன். "அப்பா, உங்களுக்குக் கால் நிக்க மாட்டேங்குது. சும்மா சும்மா அழுத்தி அழுத்தி விடுறீங்க. அதான் உதறுது."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஓட்டுறேன். குண்டும் குழியுமா இருந்த ரோட்டுல முட்டை ஏத்திட்டு ஒண்ணுகூட உடையாம வந்தவன்டா நான். எனக்கு நீ கால் வைக்கச் சொல்லித் தர்றியா?"

"மெஷின் பொய் சொல்லாதுப்பா."

"ஓ. நான் சொல்லுவேன்."

வீடு வந்ததும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார். பேக்கரிக்காரர் இனிமேல் கண்ணாடியை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறாராம். அதையும் அம்மாதான் சொன்னாள், அப்பா சொல்லவில்லை.

நிரூபித்துக் காட்டாமல் விடுவதில்லை.

மார்ச் 19, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிராஃபைப் பெரிதாக்கி எண்ணினேன். ஒரு நொடிக்கு ஐந்து ஏற்ற இறக்கம். எல்லா இடத்திலும் ஐந்துதான். இன்ஜின் வேகமாகச் சுற்றினாலும் ஐந்து. வண்டி மெதுவாகப் போனாலும் ஐந்து. இன்ஜின் அதிர்வு என்றால் இன்ஜினோடு மாற வேண்டும். ரோடு என்றால் வேகத்தோடு மாற வேண்டும். இது எதைப் பற்றியும் கவலைப்படாமல் அதன் பாட்டுக்கு ஆடுகிறது.

அப்பா வேண்டுமென்றே அழுத்தி விடுகிறார் என்றால்? மேஜைக்கு அடியில் என் காலை வைத்து ஒரு நொடிக்கு ஐந்து தடவை ஆட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஃபிட்டர், "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்.

பெடல் மாட்டியிருக்கிற இடத்தில் எங்கோ ஆட்டம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இன்ஜினையே அணைத்துவிட்டுப் பார்க்கிறேன். சாவி மட்டும் போட்டால் சென்சாருக்குக் கரண்ட் வரும். இன்ஜின் இல்லை, ரோடு இல்லை. அப்போதும் ஆடினால் பெடல். ஆடாவிட்டால் அதிர்வு. எதுவாக இருந்தாலும் தப்பிக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

கடைக்குப் பக்கத்து ஷெட்டில், வெயில் கதவு வரை வந்திருந்தது. அப்பா டிரைவர் சீட்டில். பக்கத்தில் நான், மடியில் லேப்டாப். சாவியைப் போட்டேன், இன்ஜினைக் கிளப்பவில்லை. அவ்வளவு அமைதி. கம்ப்யூட்டரின் ரிலே 'டிக்' என்றது மட்டும் கேட்டது.

"கால எடுங்க." நேர்கோடு.

"வைங்க. சும்மா வைங்க." ரம்பம். நொடிக்கு ஐந்து.

"நல்லா அழுத்துங்க." நேர்கோடு.

"இப்ப சும்மா வைங்க." மறுபடியும் ரம்பம்.

இடம் மாறி உட்கார்ந்து என் காலை வைத்தேன். நேர்கோடு. பெடலில் ஆட்டம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம், அதையும் எழுதிவிடுகிறேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா. அவரை மறுபடி உட்கார வைத்து, காலை வைக்கச் சொல்லி, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாருங்க. இன்ஜின் ஓடல. வண்டி நகரல. சென்சார் புதுசு. இது உங்க கால். இப்ப என்ன சொல்றீங்க?"

அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திரையைப் பார்த்தார், கீழே குனிந்து காலைப் பார்த்தார். மறுபடி திரை.

"இது என் காலா?"

"ஆமா."

"நான் ஆட்டலயேடா."

குரலில் கோபமே இல்லை. அதுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

நானும் குனிந்து பார்த்தேன். செருப்பின் முனை மட்டும், ரொம்பச் சின்னதாக. சொல்லாவிட்டால் தெரியாது. அப்போதுதான் அவர் வலது கை எங்கே என்று கவனித்தேன். தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "முழுசா ஊத்தினா சிந்திடுறாரு. அவருக்கு மட்டும் பாதி ஊத்தினா கண்டுபிடிச்சிடுவாரு. அதான் எல்லாருக்கும்."

"எவ்ளோ நாளாம்மா?"

"நீ கம்ப்யூட்டர் மாட்டின சமயத்துலயே ஆரம்பிச்சிருச்சு. டாக்டர்கிட்ட போலாம்னா, வயசானா ஆடாதான்னு கத்துறாரு. சட்டை பட்டன்கூட நான்தான்..." துணியைப் பிழிந்தாள். "உங்கிட்ட சொன்னா நீ ஆரம்பிச்சிடுவ. அது ஏன், இது ஏன்னு."

பழைய பதிவுகள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கின்றன, கம்ப்யூட்டர் மாட்டிய புதிதில் அப்பாவை ஓட்டவைத்து எடுத்தவையும் சேர்த்து. திறந்தால் எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும். திறக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

தொழிற்சாலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 26, புதன்

அப்பா எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறார். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ரெண்டாவது சென்சாரும் சரியில்லன்னு நினைக்கிறேன். வேற பாரு."

வேற பாருன்னா? எத்தனை சென்சார் மாத்துறது? சென்சார் ஒழுங்காத்தான இருக்கு, அதுதான பிரச்சினையே.

அதையெல்லாம் சொல்லவில்லை. சரிப்பா என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

கீழே போய் லேப்டாப்பை இணைத்தேன். எவ்வளவு சின்ன அசைவுக்குக் கூடுதல் பெட்ரோல் தர வேண்டும் என்று சாஃப்ட்வேரில் ஒரு அளவு உண்டு. அதை உயர்த்தினேன். கோட்டை மழுப்புகிற இன்னொரு அளவும் உண்டு, அதையும் ஏற்றினேன். இனிமேல் அந்த ஆட்டம் கம்ப்யூட்டரின் காதில் விழாது. விழுந்தாலும் பொருட்படுத்தாது. வேகமெடுப்பது கொஞ்சம் மந்தமாகும், பரவாயில்லை.

மாற்றுவதற்கு ஆன நேரம், இதை எழுதுவதற்கு ஆன நேரத்தை விடக் குறைவு.

மார்ச் 30, ஞாயிறு

அப்பா இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு உதறல் இல்லையாம், வெண்ணெய் மாதிரி போகிறதாம். "சென்சார்தான்னு நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். இப்பதான் உனக்குப் புத்தி வந்துச்சு." சத்தியம் கடையில் நின்று, என் பையன் சரி பண்ணிட்டான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். சத்தியம் எனக்கு போன் செய்து, "சொன்னேன்ல தம்பி, ஒரிஜினல்" என்றார்.

பேக்கரிக்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டு இன்னொரு வேலை வாங்கி வந்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

பேக்கரிக் கண்ணாடியைக் கொண்டுபோகத் துணைக்குப் போனேன். அப்பா ஓட்டினார். வண்டி நிஜமாகவே வெண்ணெய்தான். அதை ரசித்துக்கொண்டே இருந்தேன், முட்டாள்.

சிக்னலுக்கு முந்தின முனையில் ஒரு பெண் சைக்கிளோடு குறுக்கே வந்தாள். தூரம் இருந்தது. யாராக இருந்தாலும் நிறுத்திவிடக்கூடிய தூரம். அப்பாவும் பார்த்துவிட்டார், "ஏய்" என்று வாய் சொன்னது. கால் வரவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு ஒரு சாண் தூரம்தான், அந்தக் கால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோதுதான் அவர் காலும் பிரேக்கில் விழுந்தது. சைக்கிளின் பின்சக்கரத்தை பம்பர் தொட்டு நின்றது. கண்ணாடி பின்னால் மொத்தமாக நொறுங்கி இறங்கியது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவள் விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை. "கண்ணு எங்கய்யா இருக்கு, வீட்ல வச்சிட்டு வந்துட்டியா?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். அப்பா கும்பிட்டார். கும்பிட்ட கை ஆடியது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது சொன்னார்: "பிரேக் லூசா இருக்கு. பாக்கணும்."

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரேக்கைப் பார்த்தேன். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். பிரேக்கில் ஒன்றும் இல்லை. கழற்றுவதற்கு முன்னாலேயே தெரியும்.

வண்டி உதறியபோது அவர் பயந்து மெதுவாக ஓட்டினார். நான் அந்த உதறலை எடுத்துவிட்டேன். காலின் ஆட்டத்தை எடுக்கவில்லை, அதைக் காட்டிக்கொடுத்த சத்தத்தை மட்டும் எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்... போதும்.

இரண்டு அளவுகளையும் பழையபடி இறக்கிவைத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

லீவு போட்டேன். அப்பா கடையிலிருந்து கிளம்பும்போது நானும் ஏறிக்கொண்டேன். எதற்கு வருகிறாய் என்று கேட்கவில்லை. தெருமுனை தாண்டி ஒரே வேகத்தில் போக ஆரம்பித்ததும் வண்டி விக்கியது. ஒன்று. இரண்டு. அப்புறம் விடாமல்.

அப்பா கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினார். பிறகு ஒரு மூடிய கடைக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"நடுவுல நல்லா ஓடுச்சே. அது சென்சார் இல்ல, இல்லயா?"

"இல்லப்பா."

"நீ ஏதோ பண்ணி வச்சிருந்த."

"ஆமா. ஆட்டம் தெரியாத மாதிரி."

"அப்ப அப்படியே விட வேண்டியதுதான? எதுக்குத் திரும்ப மாத்தின?"

நேற்றிலிருந்து இதற்குத்தான் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். நிறைய. கிராஃப், நொடி, தூரம், எல்லாம். கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"பிரேக்குக்கு அப்படி எதுவும் பண்ண முடியாதுப்பா."

அவர் ஸ்டியரிங்கின் மேல் விரலால் தூசியைத் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, சுற்றிவந்து, மறுபக்கமும் துடைத்தார். எதிரே ஒரு ஆள் ஷட்டரைத் தூக்கிக் கடையைத் திறந்தான், எங்களைப் பார்த்து வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கையாட்டினான்.

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு" என்றார் அப்பா. கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார். நான் டிரைவர் சீட்டுக்குத் தள்ளி உட்கார வேண்டும் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

முட்டி இடிக்க இடிக்க ஓட்டினேன். வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை. உதறியிருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

நரம்பு டாக்டர் அப்பாவை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். கையைத் தளர விடுங்கள் என்றார். நடக்கும்போது அப்பாவின் வலது கை வீசவில்லை, சட்டையோடு ஒட்டித் தொங்கியது. இத்தனை வருடம் பக்கத்தில் நடந்திருக்கிறேன்.

"சும்மா வச்சிருக்கும்போதுதான் ஆடுதா? வேலை செய்யும்போது குறையுதா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதிவு இருக்கிறது என்று சொன்னால் அசிங்கமாக இருக்கும் போலிருந்தது. அப்பாதான் சொன்னார். "அவன் இன்ஜினியர் சார். மெஷின் வச்சிப் பாத்தான்."

அதில் கிண்டல் இல்லை. கொஞ்சம் பெருமை மாதிரிகூட இருந்தது. தாங்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். குணமாகாது, கட்டுப்படும். வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "அது நிறுத்தியாச்சு" என்றார் அப்பா, பழைய விஷயம் மாதிரி.

ஏப்ரல் 27, ஞாயிறு

வாரநாட்களில் வாடகை வண்டி, ஞாயிறு நான். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திருப்பத்துக்குத் திருப்பம் திட்டுகிறார். "கிளட்ச்ச ஏன்டா பாம்ப மிதிக்கிற மாதிரி மிதிக்கிற? பின்னாடி இருக்கறது கண்ணாடி, கல்லு இல்ல." அவருடைய வலது கால் அவ்வப்போது தரையை அழுத்துகிறது, அங்கே பிரேக் இருப்பது போல. அது மட்டும் சரியான நேரத்துக்கு அழுத்துவது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

லேப்டாப் கேபிளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

காலையில் ஷெட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, யாரும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஏதோ வித்தியாசம். என்ன என்று உடனே பிடிபடவில்லை. கால் நீட்ட இடம் இருந்தது. முட்டி இடிக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். சீட்டு, அடியில் இருக்கிற தண்டவாளத்தின் கடைசி வரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அப்பா துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டிருக்கிறார். தண்டவாளத்தில் விழுந்த எண்ணெய் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சுற்றிலும் கால்மிதியில், சொட்டுச் சொட்டாக.